கோப்புகளுக்கான திரை

காரைக்குடியில் பழைய வீடுகளின் படங்களையும் ஆத்தங்குடித் தரைக்கல் வடிவங்களையும் கணினியில் சேர்த்து வைக்கும் எங்களுக்கு, டெஸ்க்டாப்பின் வடிவமைப்பு அழகு சார்ந்த விஷயம் மட்டுமல்ல. 2018இல் லினக்ஸ் கணினிகளுக்கான டெஸ்க்டாப் மென்பொருளான க்னோமின் 3.28 பதிப்பு வெளியானபோது டெஸ்க்டாப் ஐகான்களை நீக்கியது பலருக்கு வருத்தம் தந்தது. கண்ணில் பட்டதையெல்லாம் அங்கேயே குவிக்கும் பழக்கம் தேடலை முடக்குவதால், அது சரியான முடிவு என்றே கருதுகிறேன். ஆனால் விண்டோஸ் 11 வலது கிளிக் மெனுவைச் சுருக்கி, அன்றாடம் தேவைப்படும் சிலவற்றை இன்னொரு கிளிக்குக்குப் பின்னே தள்ளியதை என்னால் ஏற்க முடியவில்லை.

உண்மையான சிக்கல் பெயர்களில் இருக்கிறது. ‘கானாடுகாத்தான் முகப்புத் தூண் வடக்கு’ என்று பெயரிட்டால், ஐகானுக்குக் கீழே ‘கானாடுகாத்தான்…’ என்பதோடு நின்றுவிடுகிறது. அடுத்தடுத்து அதே ஊர்ப்பெயர்தான் வரிசையாகத் தெரிகிறது. கோப்புகளைக் காட்டும் ‘கோப்பு மேலாளர்’ மென்பொருளை மாற்றியமைப்பவர்கள் நீண்ட தமிழ்ப் பெயர் முழுவதும் தெரிய முதலில் இடம் ஒதுக்க வேண்டும். வண்ணங்களையும் வளைந்த மூலைகளையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.