மீனுக்கு கட்டுன வலை

மலேசியாவுல கேஎல் (கோலாலம்பூர்) ஓரத்துல ஒரு தனியார் மீன்புடி கொளத்துல கொஞ்ச காலம் வேலை பாத்தேன். ரெண்டு மேட்டுக்கு நடுவுல மண் அணை போட்டு ஓடைய மறிச்சது, சுத்தி குடிலு, வாடகைக்கு தூண்டிலு, தண்ணியில பாதின் மீனும் திலாப்பியா மீனும். காசு கட்டிட்டு வர்றவங்க மீனத்தான் பாப்பாங்க, கரைய பாக்குறது என் வேலை.

காலையில அணைக்கு வெளிப்பக்கம் அடியில நடந்து பாக்கணும். மண் அணைன்னா கொஞ்சம் கசியத்தான் செய்யும், கசிவ ஒரு பழைய மினரல் வாட்டர் போத்தல்ல புடிச்சு வெளிச்சத்துல தூக்கி பாப்பேன், தெளிவா இருந்து அளவும் கூடலன்னா சரி, கலங்கியிருந்தா உள்ள மண்ண அரிச்சுக்கிட்டு வருதுன்னு அர்த்தம், உடனே இன்ஜினியர கூப்புடணும். லாலாங் புல்ல ஒட்ட வெட்டணும், இல்லன்னா உடும்பு போட்ட பொந்து கண்ணுல படாது. முதலாளிக்கோ நெழலுக்கு கரைமேலயே மரம் நடணும்னு ஆசை, மரம் பட்டுப்போச்சுன்னா வேரு மக்கி தண்ணிக்கு வழி வுட்டுரும்னு சொன்னா மூஞ்சிய தூக்கி வச்சுக்குவாரு.

ஆனா பெரிய சண்டை ஸ்பில்வேலதான், அதாவது கொளம் ரொம்புனா மிச்ச தண்ணி வெளிய போற வழி. மீன் ஓடிப்போகாம இருக்க அங்க பொடிக்கண்ணு வலை கட்டியிருந்தாங்க. நம்ம ஊரு சாயங்கால மழைதான் தெரியுமே, எலை, மட்டை, பிளாஸ்டிக் பை எல்லாம் வந்து ஒட்டிக்கிட்டா வலை செவுரு மாதிரி ஆயிடும், தண்ணி ஏறி கரை மேல வழிஞ்சா மண்ண அறுத்துக்கிட்டே போயிடும், அப்புறம் நிறுத்த முடியாது.

1889 மே 31-ல அமெரிக்காவுல பென்சில்வேனியாவுல சவுத் ஃபோர்க் அணை ஒடைஞ்சுச்சே, அதுவும் பணக்காரங்க மீன்புடி கிளப்போடதுதான், ஆண்ட்ரூ கார்னகி கூட மெம்பரு. மீனுக்காக ஸ்பில்வேல கம்பி வலை, வண்டி போக அணை உச்சிய தாழ்த்தியிருந்தாங்க, தண்ணிய எறக்க அணைக்கு அடியில இருந்த குழாய முந்தி இருந்தவங்க கழட்டினதோட சரி, கிளப் திரும்ப போடவே இல்ல. பெருமழை வந்து ஒடைஞ்சதுல கீழ ஜான்ஸ்டவுன் பக்கம் 2,200 பேருக்கு மேல செத்தாங்க. இத முதலாளிகிட்ட சொன்னேன். "அது அமெரிக்கா லா தம்பி, நம்மளது சின்ன கொளம்"னுட்டாரு. கீழ கம்போங் (கிராமம்) இருக்குண்ணேன்னேன், பேச்ச மாத்திட்டாரு.

2021 டிசம்பர்ல சிலாங்கூரே முழுகுன மழையில தண்ணி கரை வெளிம்பு வரைக்கும் ஏறுனத அவரே நின்னு பாத்தாரு. அதுக்கப்புறம்தான் வலைய கழட்டி, ஸ்பில்வேலேருந்து கொளத்துக்குள்ள கொஞ்சம் தள்ளி அகலமா, வலையோட உச்சி கரையவிட தாழ்வா போட சம்மதிச்சாரு, குப்பை அடைச்சாலும் தண்ணி மேல ஏறி போயிடும். மீனும் கொஞ்சம் போகத்தான் செய்யுது. பெரிய மழை பேஞ்சா கம்போங் பசங்க ஓடையில திலாப்பியா அள்ளுறாங்க, அந்த நஷ்டத்த எல்லாம் முதலாளி என் பேருலதான் எழுதுனாரு.