எண்பதுகளின் கடைசி நடனப் பாட்டுகள்: பட்டியல் போடும் முன் முடிவு செய்ய வேண்டியவை

1987-லிருந்து 1989 வரை வந்த பாப், டான்ஸ் ஹிட்களில் முதலிடம் எதற்கு என்று பத்துப் பேரிடம் கேட்டால் பத்துப் பதில் வரும். அது ரசனை, அதில் தகராறு செய்ய ஒன்றுமில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே பாட்டுக்காக மல்லுக்கட்டும் இரண்டு பேர், பெரும்பாலும் இரண்டு வேறு ஒலிப்பதிவுகளைக் காதில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். பெயர் ஒன்று, இசைத்தட்டு வேறு.

சோல் டு சோல் குழுவின் 'பேக் டு லைஃப்' இதற்கு நல்ல உதாரணம். 1989-ல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் இந்தப் பாட்டு ஏறக்குறைய வெறும் குரலாகத்தான் இருக்கிறது. கேரன் வீலரின் குரலும் அடுக்கடுக்கான பின்னணிக் குரல்களும் மட்டும். பெரும்பகுதியில் தாளம் என்று சொல்ல எதுவும் இல்லை. அதே பாட்டைப் புதிதாகச் செய்து, டிரம்ஸும் பேஸும் வயலின்களும் சேர்த்து சிங்கிளாக, அதாவது தனிப் பாட்டுத் தட்டாக விட்டார்கள். அதுதான் பிரிட்டனில் நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தது. ஆல்பம் வைத்திருப்பவர் "இதுக்கா ஆடினாங்க?" என்று கேட்பார். அவர் கேட்பது நியாயம்தான், கையில் இருக்கும் தட்டுதான் வேறு.

ஆகவே முதல் விதி: பட்டியலில் பாட்டின் பெயர் மட்டும் போதாது, பக்கத்தில் வடிவத்தையும் எழுத வேண்டும். 7 இஞ்ச் சிங்கிளா, 12 இஞ்சா, ஆல்பம் வடிவமா, பின்னால் வந்த ரீமிக்ஸா என்று ஒரே வார்த்தை போதும். அந்தக் காலத்துப் பாட்டுகளுக்கு இது வெறும் சம்பிரதாயம் இல்லை. 7 இஞ்ச் தட்டு 45 சுற்றில் ஓடும்போது ஒரு பக்கத்தில் நான்கைந்து நிமிடம்தான் நன்றாகப் பிடிக்கும். அதற்கு மேல் திணித்தால் வரித்தடங்கள் நெருங்கி, சத்தமும் அடித்தொனியும் குறையும். 12 இஞ்சில் இடம் தாராளம். தடம் அகலமாக வெட்டலாம், பேஸ் ஆழமாக இறங்கும், பாட்டும் ஆறு ஏழு நிமிடத்துக்கு நீளும். ரேடியோவுக்கு ஒன்று, கிளப்புக்கு ஒன்று என்று இரண்டு வடிவம் செய்வதுதான் அன்றைய வழக்கம். வானொலியில் கேட்டவருக்கும் ஆடுதளத்தில் கேட்டவருக்கும் பாட்டின் வடிவமே வேறாகப் பதிந்திருப்பது அதனால்தான்.

எம்.ஏ.ஆர்.ஆர்.எஸ். என்ற கூட்டணியின் 'பம்ப் அப் த வால்யூம்' விஷயத்தில் குழப்பம் இன்னும் மோசம். 1987 அக்டோபரில் பிரிட்டனில் இரண்டு வாரம் முதலிடம் பிடித்த பாட்டு அது. பிறர் தட்டுகளிலிருந்து வெட்டி எடுத்த துண்டுகளை ஒட்டி உருவானது. தலைப்பு வரியே எரிக் பி, ரக்கிம் என்ற ராப் ஜோடியின் பாட்டிலிருந்து எடுத்ததுதான். தங்கள் தட்டிலிருந்தும் ஒரு துண்டு எடுக்கப்பட்டிருக்கிறது என்று ஸ்டாக், எய்ட்கன், வாட்டர்மேன் என்ற பிரிட்டன் தயாரிப்பாளர்கள் மூவரும் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அமெரிக்காவில் வந்த வடிவத்தில் துண்டுகள் மாறியிருக்கின்றன. "நடுவுல வர்ற அந்தக் குரல்தான் உயிரே" என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் "எந்தக் குரல்?" என்று விழித்தால், இருவரும் வேறு வேறு நாட்டுத் தட்டைக் கேட்டிருக்கலாம் என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது ஆண்டு. 'எண்பதுகளின் கடைசி' என்று சொல்லிவிட்டுப் பட்டியல் கேட்டால் மடோனாவின் 'வோக்' கட்டாயம் வந்து நிற்கும். அது 1990 மார்ச்சில் வந்தது. ஸ்னாப் குழுவின் 'த பவர்' பாட்டும் 1990-தான். மறுபக்கம் நியூ ஆர்டர் குழுவின் 'ப்ளூ மண்டே' பாட்டுக்குக் கை தூக்குவார்கள். அது 1983-ல் வந்தது. 1988-ல் வந்தது ரீமிக்ஸ். எல்லையைத் தாண்டும் பாட்டுகளுக்கு ஒரே அளவுகோல் வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை ஓயும். அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவு முதன்முதலில் கடைக்கு வந்த ஆண்டுதான் கணக்கு. உச்சத்துக்குப் போன ஆண்டு கணக்கில்லை, நாட்டுக்கு நாடு மாறும் தேதியும் கணக்கில்லை. ரிக் ஆஸ்ட்லியின் 'நெவர் கோனா கிவ் யூ அப்' பிரிட்டனில் வந்தது 1987 ஜூலையில். அமெரிக்காவில் முதலிடம் போனது 1988 மார்ச்சில். டெக்னோட்ரானிக்கின் 'பம்ப் அப் த ஜாம்' வந்தது 1989-ல். அமெரிக்காவில் 2-ஆம் இடம் தொட்டது 1990 ஜனவரியில். உச்சத்தை வைத்து எண்ணினால் இது பட்டியலிலிருந்தே விழுந்துவிடும். அப்படி விழ விடுவது அபத்தம்.

'குறிப்பிட்ட ஒலிப்பதிவு' என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பெட் ஷாப் பாய்ஸின் 'வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்' 1984-ல் ஒரு தயாரிப்பாளரிடம் பதிவாகி வந்தது. 1985-ல் வேறொருவரிடம் புதிதாகப் பதிவானது. 1986-ல் முதலிடம் போனது இரண்டாவது பதிவு. விதி தெளிவாக இல்லையென்றால் இந்த ஒரு பாட்டுக்கே ஒரு மாலை போய்விடும்.

சார்ட் (வாராந்தரத் தரவரிசை) எண்களை ஆதாரமாகக் கொண்டுவந்து கொட்டுபவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். முதலிடத்தில் எத்தனை வாரம் என்பது, அந்த வாரங்களில் எதிரே யார் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறது. மந்தமான மாதத்தில் ஐந்து வாரம் நிற்பதும், கிறிஸ்துமஸ் வாரத்தில் முதலிடம் பிடிப்பதும் ஒன்றல்ல. அமெரிக்காவின் பொதுச் சார்ட்டான ஹாட் 100 அப்போது கடைகள் சொன்ன தகவலையும் வானொலி ஒலிபரப்பையும் கலந்து தயாரானது. விற்பனையைக் கருவியால் எண்ணும் முறை அங்கே 1991-ல்தான் வந்தது.

எண் துல்லியமாக இருந்தாலும் விதி நழுவலாம். ஸ்டீவ் 'சில்க்' ஹர்லியின் 'ஜாக் யுவர் பாடி' 1987 ஜனவரியில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. ஹவுஸ் எனப்படும் சிகாகோ நடன இசைக்கு அங்கே கிடைத்த பெரிய திறப்பு அது. ஆனால் அதன் 12 இஞ்ச் தட்டு, சிங்கிளுக்கு அனுமதித்த 25 நிமிட வரம்பைத் தாண்டியிருந்தது. விதிப்படி அந்த விற்பனை சிங்கிள் கணக்கில் சேர்ந்திருக்கக் கூடாது, சேர்ந்துவிட்டது. முதலிடம் என்பதை மட்டுமே வாதமாக வைப்பவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

எதிர்த்திசை உதாரணம், டெட்ராய்ட்காரர் கெவின் சாண்டர்சனின் இன்னர் சிட்டி குழு. 'குட் லைஃப்' பிரிட்டனில் 4-ஆம் இடம் வரை வந்தது. அமெரிக்கக் கிளப் சார்ட்டில் முதலிடம். ஹாட் 100-ல் முதல் 40-க்குள்கூட நுழையவில்லை. நடனப் பாட்டுக்கு எந்தச் சார்ட் சாட்சி என்று முன்பே பேசி வைக்காவிட்டால், ஆளுக்கொரு சாட்சியைக் கூட்டி வருவார்கள். என்னைக் கேட்டால் சார்ட்டை நுழைவுச்சீட்டாக மட்டும் வைக்கலாம். ஏதாவது ஒரு நாட்டின் பொதுச் சார்ட்டிலோ நடனச் சார்ட்டிலோ முதல் 40-ல் வந்திருந்தால் உள்ளே வரட்டும். உள்ளே வந்த பிறகு எண்ணைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது.

குரல் யாருடையது என்பதையும் தொட்டுத்தான் ஆக வேண்டும். 'பம்ப் அப் த ஜாம்' பாட்டின் உறையிலும் வீடியோவிலும் இருந்தவர் ஃபெல்லி என்ற மாடல், பாடியவர் யா கிட் கே. பிளாக் பாக்ஸின் 'ரைட் ஆன் டைம்' பாட்டுக்கு மேடையில் வாயசைத்தவர் வேறு. கேட்ட குரல் லொலீட்டா ஹாலோவே 1980-ல் பாடிய 'லவ் சென்சேஷன்' பாட்டிலிருந்து எடுத்தது. வழக்கு வந்ததும் ஹெதர் ஸ்மாலை வைத்து அந்தப் பகுதியைத் திரும்பப் பாடவைத்து வேறு அச்சு விட்டார்கள். ஆக 'ரைட் ஆன் டைம்' இரண்டு. 1989-ல் பிரிட்டனில் அதிகம் விற்ற சிங்கிள் எது என்பதில் குழப்பமில்லை, இதுதான். ஆனால் நீங்கள் ரசித்தது எந்தத் தொண்டையை? முதல் அச்சில் அந்தக் குரல் உச்சியில் லேசாகக் கிழியும். தாளத்துக்கு முன்னால் பாய்ந்து வந்து விழும். பின்னதில் குரல் சுத்தம், அந்தப் பாய்ச்சல் இல்லை.

பிறர் பாடியதற்கு வாயசைத்த மில்லி வனில்லி ஜோடியைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் சுருக்கமாக முடித்துவிடுங்கள். 1990-ல் கொடுத்த கிராமி விருதை அதே ஆண்டு நவம்பரில் திரும்பப் பெற்றார்கள். விருது முகத்துக்குப் போனது, பாட்டு குரலுக்குச் சொந்தம். பாட்டைத் தரம் பார்க்க முகம் தேவையில்லை.

இனி கேட்டுப் பார்க்கும் வேலை. பெரும்பாலான பட்டியல்கள் இங்கேதான் கெடுகின்றன, யாரும் கவனிப்பதில்லை.

முதலில் சத்தம். எண்பதுகளில் வந்த சிடியையும் பின்னால் ரீமாஸ்டர் செய்த (ஒலியைப் புதிதாகச் சீர்செய்த) பதிப்பையும் அடுத்தடுத்துப் போட்டால், ரீமாஸ்டர் பல நேரம் 5, 6 டெசிபல் உரக்க இருக்கும். ஒன்றிரண்டு டெசிபல் கூடினாலே காது அதை 'உரக்க' என்று சொல்லாது, 'தெளிவா இருக்கு' என்று சொல்லும். பிளேயரில் சத்தத்தைச் சமன்செய்யும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு பாட்டின் கோரஸையும் போட்டு, ஒரே அளவுக்கு வரும்படி கையால் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். உரத்ததைக் குறைக்க வேண்டும். மெதுவானதைக் கூட்டினால் ஒலி உடையும்.

அடுத்து, துண்டை எங்கிருந்து போடுவது. முப்பது பாட்டை முழுதாகக் கேட்க நேரமில்லை என்று ஆளுக்கு ஒரு நிமிடம் ஒதுக்குவார்கள். 12 இஞ்ச் வடிவம் பலவற்றில் முன்பகுதி வெறும் தாளம்தான், டிஜே அடுத்த பாட்டை இணைப்பதற்காக விட்ட இடம். கணக்குப் பாருங்கள். நிமிடத்துக்கு 120 பீட் வேகத்தில் 32 பார் என்றால், பாருக்கு 4 பீட் வீதம் 128 பீட், அதாவது 64 வினாடி. ஒரு நிமிடத் துண்டில் பாட்டே வராது! முதல் கோரஸுக்கு 15 வினாடி முன்னாலிருந்து ஆரம்பித்தால் ஏறுவதும் வெடிப்பதும் இரண்டும் கிடைக்கும்.

மூன்றாவது, வரிசை. 'பம்ப் அப் த ஜாம்' 125 பீட் வேகம். அது முடிந்த கையோடு நூறை ஒட்டி நடக்கும் 'பேக் டு லைஃப்' போட்டால் தூங்கி வழிவதுபோல் தெரியும். குற்றம் பாட்டின் மேல் இல்லை. வேகத்தை வைத்து மூன்று கூறாகப் பிரியுங்கள்: 105-க்குக் கீழே, 105 முதல் 118 வரை, அதற்கு மேல். ஒவ்வொரு கூறுக்குள்ளும் வரிசையைச் சீட்டுப் போட்டுக் குலுக்குங்கள். ஏழெட்டுப் பாட்டுக்கு ஒரு இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் கடைசியில் எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பெண் விழும்.

மதிப்பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெட்டு, குரல், தயாரிப்பு, வரிகள், தாக்கம் என்று ஐந்து தலைப்பில் போட்டுக் கூட்டுவது பார்க்க நேர்மையாக இருக்கும். நடப்பது என்னவென்றால், எதிலும் குறையில்லாத, எதிலும் பெரிதாக ஒன்றுமில்லாத பாட்டு மேலே மிதக்கும். ஒரே ஒரு விஷயத்தில் அசத்திய பாட்டு கீழே போகும். நேரடியாக ஆளுக்குப் பத்துப் பாட்டு வரிசையாக எழுதச் சொல்வது மேல்.

அதிலும் பொறி உண்டு. 12 பேர் ஓட்டுப் போடுகிறார்கள் என்று வையுங்கள். முதலிடத்துக்கு 10, கடைசிக்கு 1. ஒரு பாட்டை 5 பேர் முதலிடத்தில் வைக்கிறார்கள், மற்றவர்கள் எழுதவே இல்லை: 50. இன்னொன்றை 12 பேரும் ஐந்தாம் இடத்தில் வைக்கிறார்கள்: ஆளுக்கு 6, மொத்தம் 72. யாருக்கும் உயிராக இல்லாத பாட்டு ஜெயிக்கிறது. அதே ஓட்டுக்கு 20, 15, 12, 10, 8, 6, 4, 3, 2, 1 என்று மதிப்பிட்டால் முதலாவதுக்கு 100, இரண்டாவதுக்கு 96. இரண்டில் எது சரி என்று கணக்கு சொல்லாது. வெறி பிடித்த ரசிகர்களின் பட்டியல் வேண்டுமா, எல்லாரும் ஒத்துக்கொள்ளும் பட்டியல் வேண்டுமா என்பதை ஓட்டுப் பெட்டியைத் திறக்கும் முன் முடிவு செய்ய வேண்டும். திறந்த பிறகு மாற்றினால் அது கள்ள ஆட்டம்.

ஓட்டுச் சிதறலையும் மறக்க வேண்டாம். பெட் ஷாப் பாய்ஸுக்கு 1987, 88 இரண்டு ஆண்டுகளில் மட்டும் பிரிட்டனில் மூன்று முதலிடம்: 'இட்ஸ் எ சின்', 'ஆல்வேஸ் ஆன் மை மைண்ட்', 'ஹார்ட்'. அவர்களுடைய ரசிகர்களின் ஓட்டு மூன்றாகப் பிரியும். எம்.ஏ.ஆர்.ஆர்.எஸ். விட்டது ஒரே ஒரு சிங்கிள், அதன் ஓட்டு முழுதும் ஒரே இடத்தில் குவியும். முதல் சுற்றில் ஒவ்வொரு கலைஞருக்கும் எந்தப் பாட்டு என்று தேர்ந்தெடுத்து, அந்த ஒன்றை மட்டும் இறுதிச் சுற்றுக்கு அனுப்பினால் இது தீரும்.

இத்தனை விதியும் வைத்துக்கொண்டு என் வரிசை: முதலில் 'பேக் டு லைஃப்', சிங்கிள் வடிவம். வேகமே இல்லாமல் ஆடவைக்கிறது, டிரம்ஸுக்கும் பேஸுக்கும் நடுவே விட்ட காலி இடம்தான் அதன் பலம். இரண்டாவது 'குட் லைஃப்', 12 இஞ்ச். மூன்றாவது 'ரைட் ஆன் டைம்', முதல் அச்சு. 'பம்ப் அப் த வால்யூம்' ஏழாவதுக்கு மேல் வராது. அதன் பின்னால் வந்தவை அதைவிட நன்றாக அதே வேலையைச் செய்தன.

'நெவர் கோனா கிவ் யூ அப்' நான்காவது. இங்கேதான் கல்லெறி விழும் என்று தெரியும். 2007-க்குப் பிறகு அது இணையக் கேலியாகிவிட்டதால், ஒரு கூட்டம் சிரித்துக்கொண்டே முதலிடம் கொடுக்கும், இன்னொரு கூட்டம் வெட்கப்பட்டுப் பட்டியலில் சேர்க்காது. இரண்டையும் ஒதுக்கிவிட்டு, 113 பீட் வேகத்தில் ஓடும் அந்தத் தட்டைக் கேளுங்கள். ஆரம்பத்தில் உருளும் டிரம், பளபளக்கும் சின்தசைசர், அதற்குச் சம்பந்தமே இல்லாத கனத்த ஆண்குரல். அந்தப் பொருந்தாமைதான் பாட்டைத் தூக்கி நிறுத்துகிறது. மெல்லிய குரலில் பாடியிருந்தால் அதைத் தயாரித்த ஸ்டாக், எய்ட்கன், வாட்டர்மேன் ஸ்டுடியோவிலிருந்து வந்த நூற்றில் ஒன்றாகப் போயிருக்கும்.

மூன்றும் நான்கும் இடம் மாறலாம், அதில் பிடிவாதமில்லை. ஆனால் 'ரைட் ஆன் டைம்' என்று மட்டும் எழுதி, எந்த அச்சு என்று குறிக்காமல் வரும் ஓட்டு செல்லாது.