தீயலில் விழுந்த நூடுல்ஸ்

ஒன்றரை மாதத்தில் 26 பாக்கெட். அடுப்படி அலமாரிக் கதவின் உள்பக்கம் பென்சிலால் கோடு போட்டு வைத்திருப்பதால் கணக்கு தப்பாது.

ஜூன் பிறந்ததிலிருந்து எங்கள் பக்கம் மழை விட்டபாடில்லை. நாகர்கோவிலில் அச்சக வேலை முடித்து, கடைசி பஸ்ஸில் தொங்கி, நனைந்துபோய் வீடு வந்து சேர மணி 11 ஆகிவிடும். அம்மா மூடி வைத்த சோறு ஆறிப்போய் இருக்கும். அந்த நேரத்தில் சூடாக, காரமாக, யாரையும் எழுப்பாமல் செய்ய நூடுல்ஸை விட்டால் வேறென்ன இருக்கிறது? அப்படித்தான் இந்தக் கிறுக்குப் பிடித்தது.

முதல் வாரம் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். கேரட், பீன்ஸ், முட்டை, ஒருநாள் சீஸ், ஒருநாள் மிக்சர். ஏழு நாளும் ஒரே ருசி! கூட எதைப் போட்டாலும் அந்த மசாலாப் பொடி எல்லாவற்றையும் அமுக்கிவிட்டது. எட்டாம் நாள் பொடியைப் பிரிக்காமல் தனியே எடுத்து வைத்தேன். உண்மையான வேலை அன்றைக்குத்தான் தொடங்கியது.

பொடி போனால் சாறுக்கு எங்கே போவது? மேற்குக் கடற்கரைத் தூத்தூரில் எனக்கு ஒரு நண்பன், ஆழ்கடலுக்குப் போகிறவன். ஜூன், ஜூலை அங்கே மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகு கரையில் நிற்க, இவனும் வீட்டில் இருந்தான். விஷயத்தைச் சொன்னதும், "மாசி இருக்கு, கொண்டு போ மக்கா" என்று ஒரு துண்டைத் தாளில் சுற்றிக் கொடுத்தான். சூரை மீனை அவித்து, புகை போட்டு, வெயிலில் கட்டை போலக் காய வைத்தது. ஜப்பான்காரர்கள் ராமென் என்ற நூடுல்ஸ் சாறுக்குச் சீவிப் போடும் கட்சுவோபுஷியும் ஏறக்குறைய இதே வழியில் வருவதுதான். அதுவும் சூரை இனம், அதுவும் அவித்துப் புகை போட்டது. அங்கே சில வகைகளுக்குப் பூஞ்சை பிடிக்கவிட்டு இன்னும் உலர்த்துவார்கள். நம் ஊர் மழைக்கு மாசியில் தானாகவே பூஞ்சை பிடிக்கும், அதை யாரும் தின்ன வேண்டாம்.

மாசியை அம்மியில் தட்டி ஒரு ஸ்பூன் எடுத்தேன். 300 மில்லி தண்ணீர், நான்கு சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்), ஒரு துண்டு இஞ்சி, நசுக்கிய நல்லமிளகு சேர்த்து ஐந்து நிமிடம் சின்னத் தீயில் கொதிக்க விட்டு வடிகட்டினேன். உப்பு பார்த்துப் போட வேண்டும். நான் பாக்கெட் பொடியில் கால் பங்கு மட்டும் சேர்த்தேன், அதுவே போதும். முதல் வாய் சாறு குடித்ததும் நனைந்த சட்டையை மாற்ற மறந்துவிட்டேன்.

அடுத்து அகலக்கால் வைத்தேன். மீதம் இருந்த சாளை மீன் குழம்பைச் சூடாக்கி அதில் நூடுல்ஸைப் போட்டேன். ருசியில் குறையில்லை. ஆனால் சாளை முள்ளும் நூடுல்ஸும் ஏறக்குறைய ஒரே தடிமன். இருட்டில் எது எதுவென்று நாக்குக்குத் தெரியவில்லை. அரை மணி நேரம் துழாவித் துழாவித் தின்றேன்.

தேங்காய்ப்பால் முயற்சியும் முதலில் சறுக்கியது. புளி விட்டுக் கொதிக்கிற சாறில் தலைப்பாலை ஊற்றியதும் திரிந்து, திட்டுத்திட்டாக மிதந்தது. மறுமுறை அடுப்பை அணைத்து, கொதி அடங்கிய பிறகு ஊற்றினேன், நின்றது. இதெல்லாம் அம்மாவைக் கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் சொல்லியிருப்பாள். கேட்கத்தான் வெட்கம்.

முட்டைக்கு மட்டும் நான்கு நாள் செலவழித்தேன். கொதிக்கிற தண்ணீரில் ஆறரை நிமிடம், உடனே பச்சைத் தண்ணீரில் போட்டு உரித்தால் மஞ்சள்கரு தேன்போல நிற்கும். அதை சோயா சாஸில் ஓர் இரவு ஊற வைப்பது ஜப்பான் பழக்கம். சாஸோடு அவர்கள் மிரின் என்ற இனிப்பு அரிசி மதுவும் சேர்ப்பார்கள். அதற்குப் பதில் கருப்பட்டிப் பாகு விட்டேன். இரண்டு ஸ்பூன் சாஸ், ஒரு ஸ்பூன் பாகு, முட்டை முங்கத் தண்ணீர். பனங்கருப்பட்டியின் அந்தப் புகைவாசம் உப்புக்குப் பின்னால் மெதுவாக வருகிறது. மிரின் கிடைத்தாலும் இனி வாங்க மாட்டேன்.

இப்போது தீயல். உள்ளித்தீயல் வைத்த நாள் ராத்திரி சட்டியில் இரண்டு கரண்டி மிஞ்சியிருந்தது. தேங்காயைக் காப்பிக்கொட்டை நிறம் வரும்வரை வறுத்து, மல்லி, வற்றல் மிளகாயோடு மையாக அரைத்துப் புளி விட்ட கறுத்த குழம்பு. அதில் ஒரு தம்ளர் தண்ணீர் விட்டு, நூடுல்ஸையும் போட்டு வேகவிட்டேன். மாவு இறங்கி எல்லாம் களியாகிவிட்டது. காலையில் சட்டியைப் பார்த்த அம்மா, "லேய், நல்ல தீயலைக் கெடுத்துப் போட்டியே" என்றாள்.

ஏன் களியானது என்று யோசித்தேன். இந்த நூடுல்ஸ் ஏற்கெனவே வெந்த பண்டம். 1958இல் மொமொஃபுகு ஆண்டோ கண்டுபிடித்த வழி, ஆவியில் வேகவைத்து எண்ணெயில் பொரிப்பது. பொரியும்போது ஈரம் ஆவியாகிப் போன இடமெல்லாம் நுண்ணிய துளையாகிறது. வெந்நீர் அந்தத் துளை வழியே திரும்ப ஏறுவதால்தான் இரண்டு நிமிடத்தில் ஆள் தயார். அப்படியென்றால் குழம்பில் போட்டு வேகவிடுவானேன்? அடுத்த தடவை தனிச் சட்டியில் ஒன்றரை நிமிடம் மட்டும் வேகவிட்டு, தண்ணீரை ஒட்ட வடித்து, கொதிக்கிற தீயலைக் கிண்ணத்தில் மேலாக ஊற்றினேன். பாக்கி வேக்காடு கிண்ணத்திலேயே நடந்தது. துளைகளில் தண்ணீருக்குப் பதில் கொஞ்சம் தீயல் ஏறியது. பொரித்த எண்ணெயின் திகட்டலைப் புளி அறுத்தது. பொடி ஒரு துளிகூடப் போடவில்லை. கருப்பட்டி முட்டையை இரண்டாகக் கீறி மேலே வைத்தேன்.

26 பாக்கெட்டில் இதுதான் முதலிடம். மாசிச் சாறு இரண்டாவது. மூன்றாவதைச் சொன்னால் சிரிப்பீர்கள். வேகவைக்காத நூடுல்ஸை நொறுக்கி, சின்ன உள்ளி, பச்சைமிளகாய், எலுமிச்சை, ஒரு ஸ்பூன் பச்சைத் தேங்காய் எண்ணெய் விட்டுப் பிசைந்தது. அக்கா மகளுக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இதுதான் வேண்டும். பிசைந்த உடனே தின்றுவிட வேண்டும், ஐந்து நிமிடம் போனால் நமத்துவிடும்.

இப்போதெல்லாம் தீயல் வைக்கும் நாளில் அம்மா இரண்டு கரண்டி தனியாக மூடி வைக்கிறாள். தின்று பாரேன் என்றால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஜூலை 31 நள்ளிரவோடு தடைக்காலம் முடிகிறது. படகு வந்ததும் அயிலை மீன் வாங்கிப் புளிமுளம் என்ற குழம்பு வைத்து அதில் பார்க்க வேண்டும். அயிலைக்கு முள் பெரிது, நூடுல்ஸோடு குழம்பாது.