சொல் ஏறினால் மெட்டும் ஏறும்: கிகுயு மலைச்சரிவுகளில் ஒரு வாரம்

ஜூலை மாதத்து நைரோபியில் காலை ஏழு மணிக்குக்கூட வெயில் தலைகாட்டுவதில்லை. ரிவர் ரோட்டை ஒட்டிய நெரிசலான நிறுத்தத்தில், முராங்கா செல்லும் 14 இருக்கை மட்டாட்டு வேன் ஆள் நிறைவதற்காகக் காத்துக்கொண்டிருந்தது. ஓட்டுநர் வானொலியைத் திருகியதும் ஒரு பெண்ணின் குரலும், அதற்குப் பின்னால் கீபோர்டும், அதற்கும் பின்னால் துள்ளி ஓடும் கிட்டாரும் எழுந்தன. இரண்டாவது வரியிலேயே, மடியில் கோழிக்குஞ்சுப் பெட்டி வைத்திருந்த பக்கத்து இருக்கை அம்மாள் கூடவே முணுமுணுக்கத் தொடங்கினார். பல்லவி திரும்பி வந்தபோது பின்வரிசை இளைஞர்கள் இருவரும் சேர்ந்துகொண்டார்கள். பாட்டின் பொருள் என்னவென்று நண்பரிடம் கேட்டேன். “வாசலில் கடன்காரர் நிற்கிறார், அடுப்பில் வெறும் தண்ணீர்தான் கொதிக்கிறது, அப்போதும் ஆண்டவர் என் பெயரை மறக்கவில்லை என்கிறார்” என்று அவர் மெதுவாகச் சொன்னார்.

அலுவலக வேலையாக நைரோபியில் தங்கியிருந்த இரண்டு மாதங்களும் இந்தக் கிகுயு நற்செய்திப் பாடல்களுக்கு நடுவில்தான் கழிந்தன. தேநீர்க் கடையிலும், முடிதிருத்தகத்திலும், காய்கறிச் சந்தையிலும் இவையே ஒலித்தன. மொழி புரியாமலேயே சில மெட்டுகள் எனக்கு மனப்பாடமாகிவிட்டிருந்தன. ஊர் திரும்புவதற்கு முன் இவை எங்கிருந்து வருகின்றன என்று பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில், ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு, கிகுயுக்காரரான என் அலுவலக நண்பருடன் கிளம்பினேன்.

கிகுயு மொழி தமிழ் வாசகர்களுக்கு முற்றிலும் புதியதல்ல. கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ ஆங்கிலத்தை விட்டுவிட்டு எழுதத் தேர்ந்துகொண்ட தாய்மொழி அதுதான். 2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 81 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களைக் கொண்ட, கென்யாவின் மிகப் பெரிய இனம் அதைப் பேசும் கிகுயு மக்களுடையது. நாம் கிகுயு என்று சொல்வதை அவர்கள் ஏறக்குறைய ‘கெகோயோ’ என்று ஒலிக்கிறார்கள், ஏனென்றால் அந்த மொழியில் ஏழு உயிரொலிகள் உள்ளன. அவற்றில் இரண்டை எழுத்தின் மேல் நெளிகோடு இட்டுக் காட்டுகிறார்கள். அதைவிட முக்கியமானது, அது தொனி மொழி என்பது. ஒரு சொல்லின் எந்த அசை உயர்ந்து ஒலிக்கிறது, எது தாழ்ந்து ஒலிக்கிறது என்பதும் அந்தச் சொல்லின் உடம்பில் சேர்ந்தது. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் அவர்களுடைய வழிபாட்டுப் பாடல்களின் அருமை விளங்கும் என்பதை, பயணத்தின் முதல் நாளிலேயே ரிவர் ரோட்டின் ஒரு மாடிப் படிக்கட்டில் கற்றுக்கொண்டேன்.

ரிவர் ரோடு நைரோபியின் மையப் பகுதியிலேயே இருக்கிறது. கேசட் காலத்தில் கிகுயு இசையின் வணிகம் பெரும்பாலும் இந்தத் தெருவையும் சுற்றியுள்ள சந்துகளையும் நம்பியே நடந்தது. கேசட் போய், குறுந்தகடு போய், இன்று பாடல்கள் யூடியூபிலும் கைப்பேசி அழைப்பிசையிலும் விற்கின்றன என்றாலும், துணிக்கடைகளுக்கு மேலே, முட்டைத் தட்டுகளைச் சுவரில் ஒட்டி ஒலி தடுத்த சிறிய ஒலிப்பதிவு அறைகள் இன்னும் இருக்கின்றன. அப்படியொரு அறையில் அன்று ஒரு பெண் பாடவிருந்தார். அவர் உடனே பாடிவிடவில்லை. கண்ணை மூடி, ஒரு வரியைச் சாதாரணப் பேச்சைப் போல மூன்று முறை சொன்னார். கீபோர்டு வாசித்த இளைஞர் அந்தப் பேச்சின் ஏற்ற இறக்கத்தை ஒற்றை விரலால் கட்டைகளில் தேடினார். நான்காம் முறை சொன்னபோது கட்டையும் குரலும் ஒன்றாய் நடந்தன. அதுவே மெட்டாயிற்று. “சொல் ஏறும் இடத்தில் நான் இறங்கினால், என் பாட்டி அதைக் கேட்டுவிட்டு என்ன சொல்கிறாய் என்று கேட்பாள்” என்றார் அந்தப் பாடகி. பிறகு கிட்டார் வந்து, குரல் விட்ட இடைவெளிகளில் அதே வரியைத் திருப்பிச் சொன்னது. பாடுபவர் கேட்க, கிட்டார் பதில் சொல்லும் இந்த முறை, கென்யாவின் கிட்டார் நடன இசையான பெங்காவிலிருந்து வந்தது.

பெங்காவுக்கும் தேவாலயத்துக்கும் இடையே ஆட்கள் போய்வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். கிகுயு பெங்காவின் அரசர் என்று போற்றப்பட்ட ஜோசப் கமாரு 1939-இல் முராங்கா மாவட்டத்தின் கங்கேமாவில் பிறந்தவர். காதலையும் அரசியலையும் துணிந்து பாடி, நாடெங்கும் பெயர் பெற்ற பிறகு, 1993-இல் தாம் இரட்சிக்கப்பட்டதாக அறிவித்துத் தம் இசைக்குழுவைக் கலைத்துவிட்டு, நற்செய்திப் பாடல்களின் பக்கம் திரும்பினார். 2018-இல் அவர் மறைந்தார். எதிர்த்திசையில் சென்றவர்களும் உண்டு. நற்செய்திப் பாடகராகத் தொடங்கிய முய்காய் வா ஞோரோகே பின்னர் உலகியல் பாடல்களுக்கு மாறினார். கேட்பவர்கள் இதைப் பற்றிக் காரசாரமாக விவாதிக்கிறார்கள், ஆனால் இரு பக்கத்துப் பாடல்களையும் கேட்பதை விட்டுவிடவில்லை.

மறுநாள் நைரோபிக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தோகோதோவுக்குச் சென்றோம். ஸ்காட்லாந்து என்ற பெயர் கிகுயு நாவில் புரண்டு தோகோதோ ஆகியிருக்கிறது. ஸ்காட்லாந்துத் திருச்சபையினர் அமைத்த மிஷன் ஊர் அது. 1930-களில் கல்லால் எழுப்பிய, ‘தீப்பந்தம்’ என்று பெயர் கொண்ட தேவாலயம் மரங்களுக்கு நடுவே இன்றும் உறுதியாக நிற்கிறது. அன்று பிற்பகல் பாடற்குழுவுக்குப் பயிற்சி இருந்தது. எல்லாருடைய கையிலும், ‘கடவுளுக்குப் பாடும் பாடல்கள்’ என்று பொருள்படும் பெயர் கொண்ட, ஓரம் தேய்ந்த கிகுயுப் பாமாலைப் புத்தகம் இருந்தது. பாடல்கள் பெரும்பாலும் மொழிபெயர்ப்புகள், மெட்டுகள் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பிறந்தவை. நான்கு குரல்களும் இழைந்து கல்சுவரில் மோதித் திரும்பியபோது உடல் சிலிர்த்தது. அந்த அழகை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் பயிற்சி முடிந்து வெளியே வந்த முதியவர் ஒருவர், அறுபது ஆண்டுகள் அந்தக் குழுவில் பாடியவர், “இந்த மெட்டுகளில் எங்கள் சொற்கள் விருந்தாளிகளைப் போல உட்கார்ந்திருக்கின்றன” என்றார். மெட்டு முதலில் வந்தது, சொல் பிறகு வந்து அதற்குள் ஒடுங்கியது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இங்கே பாட்டு வெறும் பாட்டாக இருந்த காலமே இல்லை என்று தோன்றுகிறது. 1929-இல் பெண்களுக்குச் செய்யப்பட்ட சுன்னத்து வழக்கத்தை மிஷன் சபைகள் தடுக்க முற்பட்டபோது எழுந்த பெரும் பிளவில், முதிரிகு என்ற ஆட்டப்பாட்டு ஊர் ஊராகப் பரவி மிஷனரிகளையும் அதிகாரிகளையும் சாடியது; 1930-இல் காலனி அரசு அதைத் தடை செய்தது. அந்தப் பிளவில்தான் சுதந்திரச் சபைகளும் பள்ளிகளும் வேகமாக வளர்ந்தன. வெள்ளைத் தலைப்பாகையும் முரசுமாக வழிபடும் அகொரினோ சபையினர் தோன்றியதும் அந்தக் காலகட்டத்தில்தான். 1930-களில் ருவாண்டாவிலிருந்து கிளம்பிய கிறிஸ்தவ எழுப்புதல் இயக்கம் இங்கே வந்தபோது, உகாண்டாவின் லுகண்டா மொழியில் அமைந்த ‘துகுதெண்டெரெசா’ என்ற துதிப்பாட்டையும் கொண்டுவந்தது. இரட்சிக்கப்பட்டோர் சந்தித்தாலே அதைப் பாடினார்கள். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து எழுந்து, 1952-இல் அவசரநிலை அறிவிக்கப்பட்ட மாவ் மாவ் போராட்டத்தின்போதோ, கிறிஸ்தவப் பாமாலை மெட்டுகளில் நிலத்தையும் விடுதலையையும் பற்றிய வரிகளை ஏற்றிப் பாடினார்கள். எட்ட நின்று கேட்ட வெள்ளைக்காரப் பண்ணையார்களுக்கு அது ஜெபப் பாட்டாகவே கேட்டது.

இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டிருந்தேன். அதை நேரில் நினைவு வைத்திருந்த ஒருவரை, நண்பருடைய பாட்டியை, கங்கேமாவுக்குப் போகும் சாலையில் உள்ள ஒரு சிற்றூரில் சந்தித்தேன். நியாண்டருவா மலைத்தொடரிலிருந்து விரல்களைப் போல இறங்கும் செம்மண் முகடுகளில் ஒன்றில், தேயிலைக்கும் வாழைக்கும் நடுவே அவருடைய வீடு இருந்தது. பேரன் அவரை ‘ஷோஷோ’ என்று கூப்பிட்டான். நானும் அப்படியே கூப்பிட்டேன், அவர் மறுக்கவில்லை. அவித்த சேப்பங்கிழங்கும் பால் நிறைந்த தேநீரும் தந்துவிட்டுப் பேசத் தொடங்கினார். 1954-இல் அரசு சுமார் 10 லட்சம் கிகுயு மக்களை, அகழி சூழ்ந்த காவல் கிராமங்களுக்குள் தள்ளியபோது அவர் சிறுமி. அகழி வெட்டும் வேலையில் அவருடைய தாயார் பாமாலை மெட்டு ஒன்றை முனகுவாராம். காவலர் பக்கத்தில் வந்தால் இயேசுவின் பெயர், விலகிப் போனால் காட்டிலிருந்து போராடும் கணவரின் பெயர். “மெட்டு ஒன்றுதான், அம்மா இரண்டு பேருக்கும் பாடினாள், இரண்டு பேரும் கேட்டார்கள்” என்றார் ஷோஷோ.

ஞாயிற்றுக்கிழமை அவருடன் தகரக் கூரை போட்ட ஒரு சிறிய சபைக்குச் சென்றேன். வழிபாடு பாமாலையில் தொடங்கியது, ஆனால் அரை மணி நேரத்தில் புத்தகங்கள் மூடப்பட்டன. ஒரு பெண் எழுந்து ஒரு வரியைப் பாட, சபை முழுவதும் பதில் பாடியது; கால்கள் மெல்ல அசைந்து, பின்பு மண் தரையே அதிர்ந்தது. மூலையில் ஒரு முதியவர் இடக்கையில் இரும்பு வளையம் ஒன்றைத் தொங்கவிட்டு, வலக்கையில் இருந்த சிறிய கம்பியால் அதைத் தட்டினார். கரிங்அரிங்அ என்ற அந்த வளையம், அக்கார்டியனோடு சேர்ந்து ம்வொம்போக்கோ நடனத்துக்கு வாசிக்கப்பட்டது. இளமையில் அந்த நடனத்துக்குத் தட்டிய அதே வளையம் என்று அவர் பிறகு எடுத்துக் காட்டினார். கம்பி பட்டுப் பட்டு அதன் ஓரத்தில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. பாட்டு உச்சிக்குப் போனபோது பெண்களிடமிருந்து குலவை எழுந்தது. ஆண் குழந்தை பிறந்தால் ஐந்து, பெண் குழந்தை பிறந்தால் மூன்று என்று கிகுயு வீடுகளில் எண்ணிப் போடப்பட்ட குலவை அது. இங்கே யாரும் எண்ணவில்லை.

பிறகு எல்லாம் தணிந்து, கீபோர்டு மட்டும் ஒலிக்க, மெதுவான ஆராதனைப் பாடல் வந்தது. அது அந்தச் சபையின் பாடலல்ல, வானொலியில் கேட்டுப் பழகியது. 2000-ஆம் ஆண்டில் கமேமே எஃப்.எம். தொடங்கிய பிறகு, அதன் பின்னால் இனூரோ போன்ற நிலையங்களும் வந்து, கிகுயு மொழியில் நாள் முழுவதும் ஒலிபரப்பியதால், முகட்டுக்கு முகடு வேறுபட்டிருந்த சபைகள் ஒரே பாடலைப் பாடத் தொடங்கின. லோயிஸ் கிம், ஃபிலிஸ் ம்புதியா, ஷிரு வா ஜி.பி., சாமி இருங்கு ஆகிய நற்செய்திப் பாடகர்களின் பெயர்களை அந்த ஊரில் குழந்தைகளும் சொல்கிறார்கள். ‘பதினோராம் மணி’ என்ற பாட்டினால் புகழ்பெற்ற பெட்டி பாயோ 2025-இல் மறைந்ததைப் பற்றிப் பேசும்போது, ஷோஷோ தம் வீட்டுப் பெண் போனதைப் போலவே பேசினார். எல்லா வாசலும் அடைந்துவிட்ட கடைசி நேரத்திலும் கடவுள் வருவார் என்று ஒருவர் தம் தாய்மொழியில், தம் பேச்சின் ஏற்ற இறக்கம் குலையாமல் பாடும்போது, கேட்பவர் அதைச் செய்தியாக எடுத்துக்கொள்வதில்லை. பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு அப்பாலிருந்து ஆறுதல் சொல்வதைப் போலவே அது காதில் விழுகிறது.

இந்தப் பாடகர்களின் பிழைப்பு எளிதல்ல. இசைத்தொகுப்பு வெளியீடு என்பது பெரும்பாலும் நிதி திரட்டும் கூட்டம்தான். உறவினரும் சபையாரும் உள்ளூர் அரசியல்வாதியும் மேடையேறி, முதல் பிரதியைப் பெரிய தொகை கொடுத்து வாங்குவார்கள், கூட்டத்தில் இருப்பவர்கள் கைப்பேசிப் பணப்பரிமாற்றமான எம்-பெசா வழியாகத் தங்களால் ஆனதை அனுப்புவார்கள். பக்கத்து ஊரில் அப்படியொரு கூட்டத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அரசியல்வாதியின் பேச்சு நீண்டுகொண்டே போனது, பாடகி ஓரமாக நின்றுகொண்டிருந்தார். அது எனக்கு மனவருத்தம் தந்தது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இப்போது பல ஒலிப்பதிவுகளில் கணினியில் செய்த தாள ஒலி குரலைவிட ஓங்கி நிற்கிறது. சொல்லுக்குப் பணிந்து பிறந்த மெட்டை, தாளத்தின் அடியில் போட்டு மூடுவது பெரும் இழப்பு என்றே நினைக்கிறேன். இரும்பு வளையத்தைத் தட்டிய அந்த முதியவர், பாடுபவர் வரியைச் சொல்லும்போதெல்லாம் கம்பியைச் சற்றே மென்மையாக்கினார்.

புறப்படுவதற்கு முந்தைய மாலையில், பாமாலைப் பாட்டுக்கும் புதிய பாட்டுக்கும் உங்களுக்கு வித்தியாசம் தெரிகிறதா என்று ஷோஷோவிடம் கேட்டேன். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். ஆண்டவர் என்று பொருள்படும் ‘ம்வாதானி’ என்ற சொல்லைப் பேச்சுவழக்கில் சொல்லிக்கொண்டே, உள்ளங்கையைக் காற்றில் அந்த ஒலிக்கு ஏற்ப மேலும் கீழும் நகர்த்திக் காட்டினார். பிறகு அதே சொல்லைப் பழைய பாமாலை மெட்டில் பாடினார். கை வேறொரு பாதையில் போயிற்று. அடுத்து வானொலிப் பாட்டில் பாடினார். கை முதலில் போன பாதையிலேயே போயிற்று. என்னையும் சொல்லச் சொன்னார். நான் சொன்னேன். அவர் தலையை அசைத்து, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, தம் குரலோடு சேர்த்து என் கையை உயர்த்தித் தாழ்த்தினார். நான்காம் முறையோ ஐந்தாம் முறையோ, கையை விட்டுவிட்டு, “ம், இப்போது அவருக்குக் கேட்டிருக்கும்” என்றார்.