அப்பாவின் கேசட்டுகள்: ஐந்து ஞாயிறுகள்

அப்பா போன ஐப்பசியில் தவறினார். காரியம் முடிந்து பரணை ஒழித்தபோது ஒரு பிஸ்கட் டின்னில் 14 கேசட்டுகள் இருந்தன. 1989 முதல் 1994 வரை அவர் சவுதியில், தம்மாமில் பைப் ஃபிட்டராக இருந்தவர். அம்மாவுக்குப் படிக்க வராது. கடிதம் போட்டால் அடுத்தவர்தான் படித்துச் சொல்ல வேண்டும், அது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அதனால் பேசிப் பதிந்து, லீவில் ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்புவார். அம்மாவும் இங்கே கடலூர் மஞ்சக்குப்பத்து வீட்டிலிருந்து பேசி அனுப்புவார். அந்தக் கேசட்டுகளையும் அப்பா ஒன்று விடாமல் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார்.

எனக்கு வேலை புதுச்சேரியில். தினமும் பஸ்ஸில் போய்வந்தால் ஞாயிறு ஒன்றுதான் மிச்சம். அதை இதற்கு ஒதுக்கினேன்.

முதல் ஞாயிறு டூ இன் ஒன்னை (ரேடியோவும் டேப்பும் சேர்ந்த பெட்டி) திறந்ததோடு சரி. மோட்டார் பெல்ட் உருகித் தார் மாதிரி ஒட்டியிருந்தது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்துத் துடைக்கத் துடைக்கக் கறுப்பு வந்துகொண்டே இருந்தது. நாடாவைப் படிக்கும் ஹெட்டையும் ரப்பர் ரோலரையும் அதே குச்சியால் துடைத்துவிடாதீர்கள், புதிது எடுங்கள். பழைய பெல்ட்டுக்கு உருவமே இல்லாததால் சக்கரங்களைச் சுற்றி நூல் போட்டு அளந்தேன். மறு ஞாயிறு மகாத்மா காந்தி சாலை சண்டே மார்க்கெட்டில், பழைய ரேடியோ சாமான் விற்கிறவரிடம் அந்த நூலைவிடச் சற்றுச் சின்னதாக ஒன்று கிடைத்தது.

லேப்டாப்பில் ஒரே ஓட்டைதான், அது ஹெட்போனுக்கு. ஒரு யூ.எஸ்.பி. சவுண்ட் கார்டு வாங்கி, டேப்பின் இயர்போன் துளையிலிருந்து ஒயர் போட்டேன். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் மோனோ, 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட் என்று வைத்துப் பதிந்தேன். 60 நிமிடக் கேசட்டுக்கு 300 எம்.பி.க்குக் கொஞ்சம் மேல் வருகிறது.

மூன்றாவது ஞாயிறுதான் என்னைப் படுத்திவிட்டது. '1991 பிப்ரவரி' என்று அப்பா கையெழுத்திலிருந்த கேசட்டைப் போட்டேன். குரல் வந்தது, ஆனால் வேகம் சரியா என்று சொல்லத் தெரியவில்லை. கடைசி வருஷங்களில் இருமலோடு கேட்ட குரல்தான் என் காதில் நிற்கிறது. நாற்பது வயது அப்பா எப்படிப் பேசினார் என்பது மறந்துபோயிருந்தது.

பேச்சுக்கு அடியில் ஒரு கரண்ட் இரைச்சல் இருந்தது. கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 அதிர்வு, ஆகவே அந்த இரைச்சல் 50-இல் இருந்தால் வேகம் சரி என்று கணக்குப் போட்டேன். நம் வீட்டுக் கரண்ட் கலக்காமலிருக்க டேப்பைப் பேட்டரியில் ஓட்டி, லேப்டாப் சார்ஜரையும் பிடுங்கிவிட்டு மறுபடி பதிந்தேன். எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் ஸ்பெக்ட்ரத்தில் சைஸ் 65,536 வைத்தால்தான் துல்லியமாகத் தெரிகிறது. 57-இல் நின்றது. டேப் வேகமாக ஓடுகிறது என்று முடிவுகட்டி, 12 சதவீதம் குறைத்து அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன்.

அம்மா கொஞ்ச நேரம் கேட்டார். "இது அவரு இல்லடா" என்று எழுந்து போய்விட்டார்.

அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. நான்காவது ஞாயிறு, வீட்டில் அம்மா பேசிப் பதிந்த கேசட்டை அளந்தேன். 47.5. ஒரே டேப் ஒரு கேசட்டுக்கு வேகமாகவும் இன்னொன்றுக்கு மெதுவாகவும் ஓடுமா? பிறகுதான் நாடுவாரியான மின்சாரப் பட்டியலைத் தேடினேன். துபாய் 50, குவைத் 50. சவுதி 60. அவர் பேசிய அறையின் கரண்டே வேறு. 60 வர வேண்டியது 57, 50 வர வேண்டியது 47.5. இரண்டு கேசட்டும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கின்றன: டேப் 5 சதவீதம் மெதுவாக ஓடுகிறது. இரண்டுக்கும் 5.26 சதவீதம் வேகம் கூட்டினேன்.

இரைச்சலை நீக்கும் வசதியையும் முயன்றேன். கரண்ட் இரைச்சலோடு, பேசுவதற்கு முன் அவர் மூச்சிழுப்பதையும் அது தின்றுவிட்டது. அந்த மூச்சு எனக்கு வேண்டும். எதையும் நீக்காத பதிவைத்தான் மூன்று இடத்தில் சேமித்திருக்கிறேன்.

ஐந்தாவது ஞாயிறு மறுபடி அம்மாவைக் கூப்பிட்டேன். அந்த பிப்ரவரியில்தான், வளைகுடாப் போரில், தம்மாமுக்குப் பக்கத்தில் ஈராக்கின் ஸ்கட் ஏவுகணைகள் விழுந்துகொண்டிருந்தன. கேசட்டில் சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அரிசி விலை கேட்கிறார். தம்பிக்குக் காய்ச்சல் விட்டதா என்கிறார் (அந்தத் தம்பி நான்தான்). அப்புறம், "கொல்லையில வச்ச பலா எவ்ளோ ஒயரம் வந்திருக்கு? ஆடு மேயாம பாத்துக்க."

அம்மா லேப்டாப்பைப் பார்த்துச் சொன்னார்: "தானேல சாஞ்சிடுச்சே. நீங்கதான வெட்டி வெறகா அடுக்குனீங்க."

தானே புயல், 2011 டிசம்பர் 30 காலை. மரம் விழுந்த சத்தத்தில் நாங்கள் மூன்று பேரும் சமையற்கட்டில் ஒடுங்கியிருந்தோம்.

அம்மா அந்தப் பக்கம் முழுவதையும் கேட்டார். "அடுத்தத எப்ப போடுவ?" என்றார்.

எட்டு முடிந்தது. மீதி ஆறில் இரண்டில் நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை, அவற்றை இப்போதைக்குத் தொடப்போவதில்லை. ஒன்றில் ஹெட்டோடு நாடாவை அழுத்தும் பஞ்சு விழுந்துவிட்டது. ஸ்குரூ போட்ட பழைய கேசட் ஒன்று கிடைத்தால் அந்தக் கூட்டுக்குள் மாற்றிவிடலாம். வரும் ஞாயிறு அதுதான் வேலை.