மெஜந்தா தீர்ந்த வாரம்

ஏப்ரல் 26, 2025, சனி

இந்த வாரம் முடிந்த வரைக்கும் தினமும் எழுதிப் போடலாம் என்று இருக்கிறேன். திருத்துறைப்பூண்டியில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருப்பவனுக்குக் கல்யாணம், காதுகுத்து, கருமாதி எப்போதும் உண்டு. அதுபோக சீசன் என்றால் பொங்கல், திருவிழா, தேர்தல் வந்தால் தேர்தல், அப்புறம் மே தினம். மே தினத்தில் லாபம் கம்மி, மையைத்தான் தின்னும். எங்கள் மிஷினில் சிவப்பு என்று தனியாக ஒரு மை கிடையாது, மெஜந்தாவும் மஞ்சளும் முழுசாக இறங்கினால்தான் சிவப்பு வரும். கொடியும் சிவப்பு, சட்டையும் சிவப்பு, பின்னாடி வானமும் சிவப்பாகவே இருக்கட்டும் என்று கேட்கிற பத்தடிக்கு எட்டடி பேனர்கள் நாலு ஓட்டினாலே மெஜந்தா டப்பாவைத் தட்டிப் பார்க்க வேண்டியதுதான்.

இன்றைக்கு மூன்று ஆர்டர். ஆட்டோ ஸ்டாண்டு ஒன்று, சுமைதூக்குவோர் ஒன்று, விவசாயத் தொழிலாளர் ஒன்று. முதல் ஆள் "139-ஆவது மே தினம்" என்று எழுதிக் கொடுத்தார், அடுத்தவர் "136-ஆவது". இரண்டில் எது சரி என்று, கடையில் வேலை பார்க்கிற இரண்டு பையன்களில் சின்னப் பையன் கேட்டான். இரண்டுமே சரிதான். சிகாகோவில் எட்டு மணி நேர வேலை கேட்டு வேலைநிறுத்தம் நடந்த 1886-ஐ இந்த வருஷத்திலிருந்து கழித்தால் 139. அது உலகத்துக்கே பொது நாள் என்று 1889-இல் பாரிஸில் தீர்மானம் போட்டு, 1890-இல் முதல் முறை கொண்டாடியதை ஒன்று என்று வைத்து எண்ணினால் 136. மூன்றாவது ஆள் எண்ணே வேண்டாம், தலைவர் படத்தைப் பெரிசாகப் போடு என்று சொல்லிவிட்டார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

அக்கா மகள் பின்லாந்தில் தம்பேரே என்ற ஊரில் ஆராய்ச்சிப் படிப்பில் இருக்கிறாள். மே தினத்துக்கு அங்கே என்ன செய்வார்கள் என்று கேட்டு வைத்ததற்கு ஒரு மணி நேரம் பேசிவிட்டாள். அங்கே அதற்கு 'வப்பு' என்று பெயர், ஏப்ரல் 30 சாயந்திரமே தொடங்கிவிடும். பள்ளி இறுதித் தேர்வில் தேறியவர்களுக்கு ஒரு வெள்ளைத் தொப்பி உண்டாம், அன்றைக்கு எண்பது வயதுப் பாட்டியும் அதை அலமாரியிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்துவிடுகிறாள். ஹெல்சிங்கியில் துறைமுகத்தை ஒட்டி ஒரு பெண் சிலை இருக்கிறது, மாணவர்கள் அதைக் கழுவிவிட்டு அதன் தலையிலும் ஒரு தொப்பியை வைப்பது வழக்கம். தம்பேரேயில் பொறியியல் முதல் வருஷப் பிள்ளைகளைக் கூண்டில் ஏற்றி, கிரேனில் தூக்கி, நகரத்துக்கு நடுவே ஓடுகிற ஆற்றில் முக்கி எடுப்பார்களாம். பனி உருகி வந்த தண்ணீர் அது, எலும்பு விறைத்துவிடும் என்றாள். எங்கள் முள்ளியாற்றில் இப்போது முக்கினால் மணல்தான் ஒட்டும், மேட்டூர் திறக்க ஜூன் 12 ஆக வேண்டும் என்றேன். கிரேனுக்கு வாடகை யார் கொடுப்பது என்றாள்.

அன்றைக்குக் குடிப்பதற்கென்றே 'சிமா' என்று ஒரு பானம் இருக்கிறது. தண்ணீர், சர்க்கரை, எலுமிச்சை, துளி ஈஸ்ட். பாட்டிலில் ஊற்றி நாலு உலர்திராட்சையைப் போட்டு மூடிவிட்டால், திராட்சை மேலே மிதந்து வரும்போது பானம் தயார். குளிர்ந்த இடத்தில் ஒரு வாரம் பிடிக்குமாம். கேட்டவுடனே கை அரித்தது. பேக்கரியில் ஈஸ்ட் வாங்கி, நாட்டுச் சர்க்கரையில் கலக்கி இரண்டு பாட்டில் போட்டு, அடுக்களைப் பரண் மேல் வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 28, திங்கள்

காலை ஐந்தரைக்கு அம்மா எழுப்பினார்கள். பரணில் ஏதோ வெடித்தது, பல்லி விழுந்ததோ என்று பார்த்தேன், வீடே கள்ளு வாடை அடிக்கிறது என்றார்கள். பின்லாந்தில் ஒரு வாரம் எடுப்பது இங்கே ஒரே ராத்திரியில் முடிந்துவிட்டது. ஒரு பாட்டில் மூடியைத் தெறித்து அரிசிச் சாக்கு முழுக்கச் சிந்தியிருந்தது. மற்றது உப்பிப்போய் மேசை மேல் நிற்க மாட்டாமல் உருண்டது, உள்ளே நாலு திராட்சையும் உச்சியில் ஒட்டிக்கொண்டிருந்தன. மூடியை நூல் நூலாகத் திறந்து ஒரு வாய் குடித்தேன். பழைய எலுமிச்சை ஜூஸில் இட்லி மாவைக் கரைத்த மாதிரி. மீதியைத் தென்னைக்கு ஊற்றியாயிற்று. மே ஒன்றாம் தேதி டாஸ்மாக் மூடியிருக்கும், அன்றைக்கு இந்தப் பாட்டிலைத் திறந்திருந்தால் ஊரே நம் வாசலில் நின்றிருக்கும் என்று பெரிய பையன் சொன்னான்.

யோசித்துப் பார்த்தால் ஐரோப்பாவில் மே 1 முதலில் தொழிலாளர் நாளே இல்லை, குளிர் போனதற்கான கொண்டாட்டம். ஜெர்மனியில் பவேரியா பக்கம் ஊர் நடுவில் ஒரு நெட்டை மரத்தை நட்டு வெள்ளையும் நீலமுமாக வண்ணம் அடித்து, அந்த ஊரில் தச்சர், கொல்லர், ரொட்டி சுடுகிறவர் என்று யார் யார் என்ன தொழில் செய்கிறார்களோ அந்த அடையாளங்களைத் தட்டி தட்டியாக அதில் மாட்டுவார்கள். நடுவதற்கு முன்னால் பக்கத்து ஊர்க்காரர்கள் மரத்தைத் திருடிக்கொண்டு போய்விட்டால், பீர் வாங்கிக் கொடுத்துத்தான் மீட்க வேண்டும். இதற்குச் சமமாக நம்மிடம் இருப்பது நல்லேர்தான். சித்திரை பிறந்ததும் மாட்டைக் குளிப்பாட்டி, ஏருக்குச் சந்தனம் வைத்து, காய்ந்த வயலில் நாலு சுற்று உழுதுவிட்டு வருவது. அப்பா இருந்தவரைக்கும் செய்தார். இந்த வருஷம் பக்கத்து வயலில் டிராக்டர் போனட்டில் மூன்று விரல் திருநீறு இழுத்திருந்தது. என்ன, அவர்களுக்கு அது வசந்தம், நமக்கு இன்னும் ஆறு நாளில் கத்திரி.

ஏப்ரல் 29, செவ்வாய்

விவசாயத் தொழிலாளர் பேனரில் ஒரு பிரச்சினை. "நடவு நடுற பொம்பளைங்க படமாப் போடு" என்று சொல்லியிருந்தார்கள், பெரிய பையன் இணையத்தில் தேடி நல்ல பச்சையாக ஒன்றை எடுத்து வைத்துவிட்டான். வாங்க வந்த பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "தம்பி, நம்ம பொம்பளைங்க எப்பய்யா ஓலைத் தொப்பி போட்டாங்க?" பார்த்தால் வியட்நாம். கூம்புத் தொப்பியோடு ஆறு பேர் குனிந்து நிற்கிறார்கள்.

சரி, இந்த மாதத்தில் நடவு எங்கே இருக்கிறது, பஞ்சு எடுக்கிறார்கள், அதையே எடுத்துக்கொண்டு வருவோம் என்று அவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். தாளடி நெல் அறுத்த வயலில் கோடைப் பருத்தி. காலை ஏழரைக்கே வெயில் முதுகில் ஏறிவிட்டது. சேலைக்கு மேலே வீட்டு ஆம்பிளைகளின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, இடுப்பில் பழைய சேலையை முடிந்து கட்டிய மடி. வெடித்த காயில் ஐந்து விரலையும் குவித்து ஒரே இழுப்பு, சருகு ஒட்டாமல் பஞ்சு மட்டும் வர வேண்டும். சருகு கலந்தால் எடை போடுகிற இடத்தில் பேச்சு வாங்கணும். காயின் ஓடு ஊசி மாதிரி, எல்லார் விரல் நுனியிலும் வெள்ளைக் கீறல். கூலி கிலோ கணக்கு.

மே ஒண்ணாம் தேதி லீவா அத்தே என்று ஒருவரைக் கேட்டேன். "லீவு விட்டா பஞ்சு காத்திருக்குமாப்பா? ஒரு மழை அடிச்சா நாறிப்போயிடும். அன்னைக்கு எடுத்தாத்தான் அன்னைக்குக் காசு." படம் எடுக்கும்போது ஒருத்தரும் நிமிரவில்லை. அதுதான் நன்றாக இருந்தது.

திரும்பும்போது பெரியவர் சீனிவாசராவ் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். கர்நாடகத்திலிருந்து வந்து இந்தப் பக்கத்துப் பண்ணையாட்களைச் சங்கமாகச் சேர்த்தவர். சவுக்கடியும், சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கிற சாணிப்பாலும் இனி கூடாது என்று 1944-இல் மன்னார்குடியில் ஒப்பந்தம் எழுதியது அந்தச் சங்கத்தால்தான். சாணிப்பால் என்றால் என்ன என்று என் மகனுக்குத் தெரியாது, சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. "மே ஒண்ணு டவுனுக்கு, நமக்கு டிசம்பர் இருபத்தஞ்சு" என்றார். கீழ்வெண்மணி. 1968-இல் கூலி கேட்டதற்குக் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்ட 44 பேர். அந்தத் தேதியில் அங்கே போகிற கூட்டத்துக்கும் நான் பேனர் அடித்திருக்கிறேன்.

ஏப்ரல் 30, புதன் (நடு ராத்திரி தாண்டி)

மெஜந்தா சாயந்திரம் நாலு மணிக்குத் தீர்ந்தது. தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லி வாங்கி ஊற்றுவதற்குள் ஏழு. அப்புறம் மை பீய்ச்சுகிற ஹெட்டில் அடைப்பு. கடைசி பேனர் மிஷினை விட்டு இறங்கும்போது மணி பன்னிரண்டு பத்து. ஓரம் மடித்துக் கயிறு கட்டுவதற்கு வளையம் அடித்துக்கொண்டிருந்த சின்னப் பையன் தலையைத் தூக்காமல் சொன்னான்: "அண்ணே, மே ஒண்ணு பொறந்து பத்து நிமிஷமாச்சு. டபுள் கூலிண்ணே."

சிரித்துவிட்டேன். ஆனால் சட்டம் அப்படித்தான். 1958-இலிருந்து தமிழ்நாட்டில் இருக்கிற தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டத்தில் மே 1 சம்பளத்தோடு லீவு, வேலை வாங்கினால் இரட்டைக் கூலி, இல்லையென்றால் சம்பளத்தோடு வேறொரு நாள் லீவு. எட்டு மணி நேரத்தைப் பற்றி எட்டு பேனர் அடித்த கடையில் இன்றைக்கு இரண்டு பையன்களும் பதினைந்து மணி நேரம் நின்றிருக்கிறார்கள், இதை எழுதும்போது எனக்கே ஒரு மாதிரிதான் இருக்கிறது. இரட்டைக் கூலி எழுதிக்கொண்டேன், கூடவே வெள்ளிக்கிழமை லீவு. பெரியவன் பரோட்டாவும் கேட்டான், கடை சாத்தியிருந்தது.

மே 1, வியாழன்

காலையில் கொடியேற்றம், மிட்டாய். பதினொரு மணிக்கு கிராமசபை, தண்ணீர்த் தொட்டியைப் பற்றி ஒரே சத்தம். மத்தியானம் ஊர் அடங்கிவிட்டது.

காரைக்காலில் கட்டிக்கொடுத்த சித்தியின் மகள், எனக்குத் தங்கை முறை, பாரிஸ் பக்கத்தில் இருக்கிறாள். ஒரு பூப் படம் அனுப்பியிருந்தாள். 'முகே' என்று வெள்ளை வெள்ளையாகக் குட்டி மணி தொங்குகிற பூ. இன்று ஒருவருக்கொருவர் ஒரு கொத்து கொடுத்துக்கொள்வார்கள், யார் வேண்டுமானாலும் தெருவில் நின்று விற்கலாம், சின்னப் பிள்ளைகள்கூட வாளியில் வைத்து விற்கும். ஒரு காம்பில் பதின்மூன்று மணி இருந்தால் அதிர்ஷ்டமாம். தலையில் வைத்துக்கொள்ளவா என்றேன், செடி முழுக்க விஷம் அண்ணா, கையைக் கழுவாமல் சாப்பிடாதே என்று மகளை விரட்டிக்கொண்டே பேசினாள். முன்னெல்லாம் தொழிலாளர்கள் ஊர்வலத்தில் சிவப்பாக ஒரு காட்டு ரோஜாவைச் சட்டையில் குத்திக்கொண்டு போவார்கள், 1941-இல் ஹிட்லருக்குப் பணிந்து அங்கே ஆண்ட பெத்தான் அரசு அந்த இடத்துக்கு இந்த வெள்ளைப் பூவைக் கொண்டுவந்தது. அங்கேயும் சிவப்போடுதான் பாடு. அங்கே சட்டப்படி கட்டாயமாகச் சம்பளத்தோடு விட வேண்டிய லீவு இது ஒன்றுதானாம், வேலை வாங்கினால் இரட்டைக் கூலி. நேற்று ராத்திரி பத்து நிமிஷத்துக்கு நானும் பிரான்ஸ்காரன்தான் என்றேன், அவளுக்குப் புரியவில்லை.

சாயந்திரம் கூட்டத்தில் பேசியவர், சிங்காரவேலர் 1923-இல் சென்னைக் கடற்கரையில் இரண்டு இடத்தில் கூட்டம் போட்டு இந்தியாவிலேயே முதலில் மே தினம் கொண்டாடியதைச் சொன்னார். கொடிக்குத் துணி இல்லாமல் மகளின் சிவப்புச் சேலையைக் கிழித்தார் என்பார்கள், அதையும் சொன்னார். மெஜந்தா தீர்ந்தபோது எனக்கு இந்த யோசனை வரவில்லை. சிகாகோ கதையையும் சொன்னார், ஆனால் அந்த அமெரிக்காவே தொழிலாளர் நாளைச் செப்டம்பரில் வைத்துக்கொண்டிருப்பதைச் சொல்லவில்லை. மேடைக்குப் பின்னால் பருத்திப் பெண்கள் பத்தடிக்கு நின்றார்கள். அவர்களில் யாரும் கூட்டத்துக்கு வரவில்லை, வயலிலிருந்து வீடு திரும்பவே ஆறரை ஆகியிருக்கும்.

மே 4, ஞாயிறு

இரண்டு நாள் எழுதவில்லை. இன்று கத்திரி தொடங்கிவிட்டது. நேற்று சாயந்திரம் திடீரென்று இருட்டிக்கொண்டு அரை மணி நேரம் கோடை மழை. பெரியவர் போன் செய்தார். கூட்டம் முடிந்து கழற்றி வைத்திருந்த பேனரைக் கொண்டு போய்க் களத்தில் இருந்த பஞ்சுக் குவியல் மேல் போட்டுவிட்டாராம். "மூடியாச்சு, ஆனா ஒரு சந்தேகம் தம்பி, படம் இருக்கிற பக்கம் உள்ளே போயிடுச்சு. சாயம் பஞ்சுல ஒட்டுமா?"

ஒட்டாது, ஆனால் வெயிலில் சூடேறினால் வாடை வரும், திருப்பிப் போட்டுவிடுங்கள் என்றேன். காலையில் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன், திருப்பித்தான் போட்டிருந்தார், நாலு மூலையிலும் செங்கல். அத்தைமார்கள் குவியலின் மறுபக்கத்தில் உட்கார்ந்து, ஓரத்தில் நனைந்துபோன பஞ்சைத் தனியாகப் பிரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள்.