தூக்கணாங்குருவி பாத்த வீடு

ஆடிக்கு தாராபுரம் பக்கம் அப்பிச்சி தோட்டத்துக்கு போயிருந்தேனுங்க. காத்துன்னா காத்து, பாலக்காட்டு கணவாய்ல பூந்து வர்ற காத்து, வேட்டிய கட்டி நிக்கவே முடியல. அந்த காத்துலயும் கெணத்து மேட்டு ஈச்சமரத்துல இருபது தூக்கணாங்குருவி கூடு ஆடிட்டு இருக்குது. நல்லா பாத்தா பாதிக்கு மேல கெழக்கு பக்கமாத்தான். ஏன் அப்பிச்சின்னு கேட்டா, "மேக்கால காத்தடிக்குதில்ல கண்ணு, அதுக்கு தெரியாதா"ன்னாரு. அவ்ளோதான் பதில், மாட்டுக்கு தண்ணி காட்ட போயிட்டாரு.

ஊட்டுக்கு வந்து படிச்சு பாத்தா அவரு சொன்னதுதான். தென்மேற்கு பருவக்காத்துக்கு மறைவாத்தான் பெரும்பாலும் கட்டுமாம், கீழ தண்ணியோ மரத்துல முள்ளோ இருந்தா பாம்பு லேசுல ஏறாது. ஈச்சமரம் கெணத்துமேல சாஞ்சு நிக்கறதால ரெண்டுமே கெடச்சுருச்சு, கெட்டிக்கார பய.

இதுல பாவம் ஆம்பளக்குருவிதான். ஒரு கூடு கட்டி முடிக்க சுமார் 18 நாள், அதுல தலப்பா மாதிரி பாதி கட்டுனதுமே பொம்பளக்குருவி வந்து தொங்கி பாத்துட்டு, புடிச்சாத்தான் சம்மதம், அப்பறந்தான் நீளமா வாசக்கொழாய கட்டி முடிக்கும். புடிக்கலன்னா அந்த கூடு அப்படியே தொங்க வேண்டிதான்.

நான் திருப்பூர்ல வாடகைக்கு புடிச்ச வீடு மேக்க பாத்த வாசலுங்க, சாரலடிச்சா ஹால் பூரா தண்ணி. போன்ல போட்டோ பாத்தே அட்வான்ஸ் குடுத்தேன்னு அப்பிச்சிகிட்ட இன்னும் சொல்லல.